கொம்பியூட்டர் கேள்வி பதில்: ரொறன்ரோவில் ஓடிய வேகம் கொழும்பில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: அக்கா, என் சித்தப்பா ரொறன்ரோவில் இருக்கிறார். போன வருடம் வீடு மாறியபோது தன்னுடைய பழைய கொம்பியூட்டரைக் கப்பல் பெட்டியில் வைத்து எனக்கு அனுப்பிவிட்டார். அபிட் பிபி6 மதர்போர்ட், 366 மெகாஹேர்ட்ஸ் செலரோன் புரோசெஸர் இரண்டு. இரண்டையும் 550க்கு ஓவர்குளொக் செய்து (குறித்த வேகத்தை விடக் கூட்டி), 2.0 வோல்டிலேயே பல வருடம் ஓட்டியிருக்கிறார். ஒரு நாளும் உறைந்ததில்லை என்கிறார். இங்கே விண்டோஸ் 98இல் நாள் முழுக்க ஓடுகிறது. விண்டோஸ் 2000இல் போட்டால் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்தில் அப்படியே நின்றுவிடுகிறது, மவுஸ் கூட அசையாது. மத்தியானத்தில்தான் கூடுதலாக உறைகிறது. இரவில் சில நேரம் மூன்று மணித்தியாலம் தாங்கும். எங்கள் வீடு கடற்கரைப் பக்கம், மேல் மாடி. நண்பன் ஒருவன் வோல்டேஜை 2.3க்கு ஏற்றச் சொல்கிறான். ஏற்றலாமா? சித்தப்பா ஓட்டிய அதே வேகத்தில் ஓட்டி, வீடியோவில் அவருக்குக் காட்ட ஆசை.
வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஏற்ற வேண்டாம் தம்பி. இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் மூன்று தரம் வாசித்தேன்: மத்தியானத்தில்தான் கூடுதலாக உறைகிறது. பாதி விடை அதற்குள் இருக்கிறது. நண்பர் சொல்வது அந்த விடைக்கு நேர் எதிர்ப் பக்கம் போகும் வழி.

ஆனால் எதையும் தொடுவதற்கு முன் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி அடப்டர் ஒன்றில் மாட்டி, உள்ளே இருப்பதை எல்லாம் வேறொரு கொம்பியூட்டருக்குப் பிரதி எடுங்கள். சித்தப்பாவின் படங்கள், கடிதங்கள், எழுதிப் பார்த்த புரோகிராம்கள் ஏதாவது கிடக்கும். உறைகிற கொம்பியூட்டர் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் உறையும். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

விண்டோஸ் 98 நாள் முழுக்க ஓடுகிறது என்பதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். விண்டோஸ் 98க்கு இரண்டாவது புரோசெஸரைப் பயன்படுத்தவே தெரியாது. அங்கே ஒரு செலரோன் வேலை செய்ய, மற்றது சும்மா கிடக்கிறது. விண்டோஸ் 2000 இரண்டையும் எழுப்பி வேலை வாங்குகிறது. ஆகவே நீங்கள் இதுவரை கண்டது இவ்வளவுதான்: ஒன்று தனியாக ஓடினால் தாங்குகிறது, இரண்டும் சேர்ந்து ஓடினால் தாங்கவில்லை. நல்ல தகவல்தான், ஆனால் எந்தப் புரோசெஸர் என்பதை அது சொல்லாது.

இனி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. ஓவர்குளொக் இல்லாமல், 366இலேயே, விண்டோஸ் 2000 எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது? பயோஸில் (கொம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) பஸ் வேகத்தை, அதாவது புரோசெஸர் மற்றப் பகுதிகளோடு பேசும் பாதையின் வேகத்தை, 66க்கு இறக்கி ஒரு முழு நாள் ஓட விடுங்கள். அங்கேயும் உறைந்தால் உங்கள் பிரச்சினைக்கும் ஓவர்குளொக்குக்கும் சம்பந்தமில்லை. மெமரி, பவர் சப்ளை, கப்பாசிட்டர், டிரைவர் என்று தேட வேண்டும். 366இல் ஒரு நாள் அசையாமல் ஓடினால்தான் கீழே நான் எழுதுவது உங்களுக்குப் பயன்படும். கடைக்கு இப்படிக் கொண்டுவருபவர்களில் பாதிப் பேர் இந்தப் பரிசோதனையைச் செய்யாமலேதான் வருவார்கள்.

அந்தக் காலத்தைத் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1999இல் இந்த மதர்போர்ட் வந்தபோது, சாதாரண வீட்டுக்காரர் கைக்கு இரண்டு புரோசெஸர் வந்தது பெரிய விசயம். செலரோனை இரண்டாகப் போடுவதற்கென்று இன்டெல் விற்கவில்லை. அதற்கு முன் அப்படிப் போட ஆசைப்பட்டவர்கள் புரோசெஸர் இருக்கும் கார்ட்டில் துளை போட்டு, கம்பி ஒட்டிச் செய்தார்கள். பிபி6இல் கடையில் வாங்கிய செலரோனை அப்படியே இரண்டாகச் சொருகலாம். 366 செலரோன் ஓடுவது 66 மெகாஹேர்ட்ஸ் பஸ்ஸில், அதன் ஐந்தரை மடங்கில். அந்த ஐந்தரையைத் தொழிற்சாலையிலேயே பூட்டிவிடுவார்கள், மாற்ற முடியாது. ஆகவே பஸ்ஸை 100க்கு ஏற்றுவார்கள். ஐந்தரை மடங்கு 550. மலிவு விலைப் புரோசெஸர் இரண்டு, ஒவ்வொன்றும் 550. பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவுக்குப் பக்கத்துக் கடையொன்றில் நான் வேலை பழகிக்கொண்டிருந்த நேரம் அது. இப்படி ஒன்றை முதன்முதலில் திறந்து பார்த்த நாள் இன்னும் மனதில் இருக்கிறது. உங்கள் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இப்போது மத்தியான விசயத்துக்கு வருவோம். 366இல் ஓடும் புரோசெஸருக்கு ஒவ்வொரு வேலையையும் முடிக்கச் சுமார் 2.7 நானோசெக்கன்ட் இருக்கிறது. 550இல் 1.8தான். புரோசெஸர் சில்லு (சிப்) சூடாகும்போது உள்ளே சமிக்ஞைகள் மெதுவாகும். குளிர்ந்திருக்கும்போது 1.8க்குள் முடிந்த வேலை, சூட்டில் கொஞ்சம் பிந்தினாலும் விடை பிழைத்துவிடும். ரொறன்ரோவில் சித்தப்பாவின் பேஸ்மென்டில் 18, 20 பாகை இருந்திருக்கும். கொழும்பில் மேல் மாடியில், வெயில் குடித்த கொங்கிரீட் தட்டுக்குக் கீழே, மத்தியானம் இரண்டு மணிக்கு 31, 32 குறையாது. அறை எவ்வளவு கூடுகிறதோ, ஹீட்சிங்க்கும் (புரோசெஸரின் சூட்டை வாங்கும் உலோகக் கட்டி) ஏறத்தாழ அவ்வளவு கூடும். பன்னிரண்டு பாகையைச் சித்தப்பா கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய 550 அங்கே உண்மை. வெளிநாட்டில் ஒருவர் ஓட்டிய வேகத்தைக் கண்டு அதே எண்ணை இங்கே போடுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: அவருடைய அறையின் வெப்பநிலையையும் சேர்த்துக் கேளுங்கள்.

காசு செலவில்லாத பரிசோதனை ஒன்று சொல்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு, பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, மேசை விசிறி ஒன்றை நேரே உள்ளே வீசும்படி வையுங்கள். 550, 2.0 வோல்ட், விண்டோஸ் 2000, எல்லாம் இப்போது இருப்பது போலவே இருக்கட்டும். வேறு எதையும் மாற்றக் கூடாது. வழமையாக உறையும் நேரத்தைத் தாண்டி மூன்று நான்கு மணித்தியாலம் ஓடினால், உங்கள் நோய் சூடு. அப்போதும் அரை மணித்தியாலத்தில் உறைந்தால், சூடு மட்டும் காரணம் இல்லை.

சூடு என்று தெரிந்தால் விசிறியை அங்கேயே வைத்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை. அந்தப் பெட்டி கப்பலில் கிழமைக்கணக்கில் ஆடிக் குலுங்கி வந்தது. ஹீட்சிங்க்கைப் பிடித்திருக்கும் கிளிப், சொக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் சின்னப் பிளாஸ்டிக் கொக்கியில்தான் தொங்குகிறது. ஒரு பக்கம் மயிரளவு கிளம்பியிருந்தாலும் போதும். அதோடு சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் சித்தப்பா பூசிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இத்தனை வருடத்தில் காய்ந்து சுண்ணாம்பு போல ஆகியிருக்கும். கழற்றுங்கள். ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட துணியால் இரண்டு முகத்தையும் சுத்தமாகத் துடைத்து, புதுப் பேஸ்ட்டை மெல்லிய படலமாகப் பூசுங்கள். கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது மெதுவாக. பிளாஸ்டிக் கொக்கி வயதில் நொறுங்கும் பதத்தில் இருக்கும். கை வழுக்கினால் டிரைவர் நேரே போர்ட்டின் கோடுகளை அறுக்கும், அதைத் திருத்துவது வலு கஷ்டம். விசிறிகள் இரண்டும் விரலால் தட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும். இறுகியிருந்தால் ஸ்டிக்கரைக் கிளப்பி ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடலாம், ஆனால் புது விசிறி வாங்குவதே நல்லது.

பயோஸில் இரண்டு புரோசெஸருக்கும் வெப்பநிலை தனித்தனியாகக் காட்டும். சொக்கெட்டுக்கு அடியில் இருக்கும் உணரி சொல்லும் எண் சில்லின் உள் வெப்பத்தை விடக் குறைவுதான். ஆகவே அந்த எண்ணை நம்பி இருக்காமல், இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரே சில்லு, ஒரே வேகம், ஒரே வோல்டேஜ். ஒன்று மற்றதை விட எட்டுப் பத்துப் பாகை கூடக் காட்டினால் அந்த ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை என்று நான் முதலில் சந்தேகிப்பேன்.

சரி, குளிர வைத்தும் உறைகிறது என்று வைப்போம். இனி இரண்டில் எது என்று பிரிக்க வேண்டும். இரட்டைப் புரோசெஸர் கொம்பியூட்டரில் மனிதர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இரண்டு செலரோனும் ஒரே பஸ்ஸைப் பகிர்கின்றன. ஒன்றை 100இலும் மற்றதை 95இலும் ஓட்ட முடியாது. ஆகவே இரண்டில் பலவீனமானது எதுவோ அதுதான் முழுப் பெட்டியின் வேகத்தையும் தீர்மானிக்கும். பலவீனமானது எது என்று தெரியாமல் இரண்டுக்கும் வோல்டேஜ் ஏற்றினால், ஏற்றத் தேவையில்லாத ஒன்றையும் சேர்த்துச் சுடுகிறீர்கள்.

புரோசெஸரைச் சோதிக்கும் பிரைம்95 என்ற புரோகிராமின் பழைய பதிப்பு ஒன்றை இரண்டு வேறு ஃபோல்டரில் போடுங்கள். முதலில் ஒன்றை மட்டும் ஓட விட்டு, டாஸ்க் மனேஜரில் அதன் மேல் வலது கிளிக் செய்து, செட் அஃபினிட்டி என்பதில் 0 என்ற புரோசெஸரை மட்டும் வையுங்கள். நான்கு மணித்தியாலம். பிறகு 1 மட்டும், இன்னும் நான்கு. பிறகு இரண்டு பிரதிகள், ஆளுக்கொன்றாக. பிரைம்95 ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து தன் விடையைத் தானே சரிபார்க்கும். ரவுண்டிங் 0.5, 0.4க்குக் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்ற கருத்தில் ஒரு வரி வந்து நின்றால், அந்தப் புரோசெஸரோ மெமரியோ கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டது. கொம்பியூட்டர் உறையாவிட்டாலும் அது தோல்விதான். விண்டோஸ் 0 என்று சொல்வது எந்தச் சொக்கெட் என்று ஊகிக்காதீர்கள். ஒன்றுக்கு மட்டும் வேலை கொடுத்துவிட்டு எந்த ஹீட்சிங்க் கூடச் சூடாகிறது என்று பாருங்கள்.

ஒன்றில் மட்டும் பிழை வந்தால் கொம்பியூட்டரை நிறுத்தி, சில்லுகள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். சில்லுகளை மட்டும்! ஹீட்சிங்க்கும் விசிறியும் முன்பு இருந்த சொக்கெட்டிலேயே இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் ஒன்றும் விளங்காது. பிழை சில்லோடு சேர்ந்து போனால் சில்லு பலவீனம். பிழை அதே சொக்கெட்டில் தங்கினால் சில்லுகள் இரண்டும் சுகம். அந்தச் சொக்கெட்டின் ஹீட்சிங்க்கோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியோதான் பிழை. 2001இல் நான் ஒரு செலரோனைக் கெட்டுப்போனது என்று எடுத்து வைத்துவிட்டு மூன்று கிழமை மாற்றுச் சில்லு தேடினேன். கடைசியில் புதிதாக வந்ததும் அதே சொக்கெட்டில் அதே பிழையைக் காட்டியது. இடம் மாற்றிப் பார்த்திருந்தால் பதினைந்து நிமிட வேலை.

தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்ந்து ஓடும்போது மட்டும் உறைந்தால், புரோசெஸர்களை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். 366 செலரோன் ஒன்று சாதாரண வேகத்தில் சுமார் 22 வாட் சூடு தரும். 550இல் அது 33. இதில் 2.2 வோல்ட் கொடுத்தால் 40 ஆகும், ஏனென்றால் வோல்டேஜ் கூடினால் சூடு அதன் வர்க்கத்தில் கூடும். உங்கள் நண்பர் சொல்லும் 2.3இல் ஒன்றுக்கு 44 வாட், இரண்டுக்கும் 88. தொழிற்சாலைக் கணக்கின் இரு மடங்கு! சூட்டால் உறையும் பெட்டிக்கு இதுவா மருந்து?

அந்தக் காலத்து மதர்போர்ட்கள் பெரும்பாலும் புரோசெஸருக்கான மின்சாரத்தை 5 வோல்ட் கம்பியிலிருந்து எடுத்தன. இன்று கடையில் வாங்கும் பவர் சப்ளைகள் 12 வோல்டில்தான் பலம். ஆகவே 600 வாட் என்று ஸ்டிக்கரில் பார்த்து ஏமாறாமல், 5 வோல்டுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். நீங்கள் சித்தப்பாவின் பவர் சப்ளையையே பயன்படுத்தினால் பின்பக்கம் சிவப்புச் சுவிட்ச் 230இல் இருக்கிறதா என்று கேட்க வந்தேன். 115இல் இருந்திருந்தால் முதல் நாளே வெடித்திருக்கும், ஆகவே 230இல்தான் இருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்து, இரண்டு பிரைம்95உம் ஓடும்போது ஹார்ட் டிஸ்க் பிளக்கில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் அளவெடுங்கள். 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். ஓட ஓட மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பவர் சப்ளைக்கு வயதாகிவிட்டது.

அடுத்தது சொக்கெட்களைச் சுற்றி நிற்கும் கப்பாசிட்டர்கள். இந்த மதர்போர்ட்டை நீண்ட நாள் வைத்திருந்தவர்கள் ஈசி10 என்று அச்சிட்டிருக்கும் கப்பாசிட்டரை முதலில் மாற்றிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்புக் கறை இருந்தாலோ மாற்ற வேண்டும். பார்வைக்கு நன்றாக இருப்பதும் உள்ளே வறண்டிருக்கலாம். இருபத்தைந்து வயது சும்மா இல்லை. பத்துப் பாகை கூடினால் கப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு, இவையோ இரண்டு ஹீட்சிங்க்குக்கு நடுவில் வெந்தவை. புறக்கோட்டையில் வாங்கும்போது 105 பாகை, மதர்போர்ட்டுக்கான குறைந்த உள்தடை வகை என்று கேட்டு வாங்குங்கள். அதே மைக்ரோஃபரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி கூட. உடலில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாறிப் போட்டால் வெடிக்கும். ஈயம் பற்றவைத்துப் பழகாதவர் இந்தப் போர்ட்டில் பழக வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். இப்படிப் போர்ட் இனிக் கிடைக்காது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்க்க முடிந்தால் இன்னொரு நல்ல சாட்சி கிடைக்கும். இந்தத் தலைமுறையில் புரோசெஸர்கள் இரண்டும் ஒன்றையொன்று கூப்பிடுவதற்குத் தனியாக ஒரு மெல்லிய பாதை உண்டு, ஏபிக் பஸ் என்பார்கள். அதில் இரைச்சல் புகுந்தால் லினக்ஸ் ஏபிக் எரர் என்று எழுதி, எந்தப் புரோசெஸர் என்ற எண்ணையும் போடும். 02 என்று வந்தால், வந்த செய்தியின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை பிழைத்திருக்கிறது என்று பொருள். எப்போதாவது ஒன்று வந்தால் அது செய்தியைத் திரும்ப அனுப்பிச் சமாளித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு நிமிடம் வந்தால் மின்சாரம் சுத்தமில்லை, அந்த உறைவு பெரும்பாலும் அங்கிருந்துதான். விண்டோஸில் இந்த எச்சரிக்கை உங்கள் கண்ணில் படாது.

மெமரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஸ் 100 என்றால் மெமரியும் 100. மூன்று ராமில் (மெமரி அட்டையில்) ஒன்று 66க்கென்று செய்த பிசி66 ஆக இருந்தால் அதுவே காரணமாகலாம். கடற்காற்றில் தங்கக் கால்கள் மங்கும், பென்சில் அழிறப்பரால் தேய்த்துச் சொருகுங்கள். மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ பழைய பதிப்பை ஒரு இரவு ஓட விடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் 100 நிற்கவில்லை என்றால் 75க்கோ 83க்கோ இறங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். இறங்க வேண்டாம். இதற்குத்தான் மேலே பிரதி எடுக்கச் சொன்னேன். ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும் பிசிஐ பாதை 33 மெகாஹேர்ட்ஸுக்குச் செய்தது. பஸ் 66இல் அதை இரண்டால் வகுத்து 33 கிடைக்கும். 100இல் மூன்றால் வகுத்து அதே 33. திரையில் படம் காட்டும் ஏஜிபி கார்ட்டுக்கும் அப்படித்தான், மூன்றில் இரண்டு, 66. ஆனால் 83ஐ இரண்டால் வகுத்தால் 41.5. கொம்பியூட்டர் ஓடும், உறையாது, எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். டிஸ்க்கில் எழுதுவது மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழைக்கும்.

2000இல் கொட்டாஞ்சேனையில் ஓர் ஆசிரியையின் கொம்பியூட்டரை, வேகமாக இருக்கட்டும் என்று, நான் 83இல் வைத்துக் கொடுத்தேன். அவர் கேட்கக்கூட இல்லை. இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். சாதாரண தரப் பிள்ளைகளுக்காக இரண்டு வருடம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள்களைத் திறந்தால் பாதிப் பக்கம் குப்பையாக வந்தது. முதலில் எழுத்துருப் பிழை என்றுதான் நினைத்தோம். பிறகு டிஸ்க்கைச் சோதித்தேன். மீட்க முடிந்தது மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தை அவர் கையெழுத்துத் தாள்களை வைத்து, நானும் இரவிரவாக இருந்து திரும்பத் தட்டச்சு செய்தோம். அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. அன்றிலிருந்து பிறருடைய கொம்பியூட்டரை நான் ஓவர்குளொக் செய்ததில்லை. சொந்தக் கொம்பியூட்டரில் செய்பவர்களுக்கும் இந்த வகுத்தல் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இறங்குவதானால் மூன்றால் வகுக்கும் பக்கத்திலேயே கொஞ்சம் இறங்குங்கள். உங்கள் பயோஸ் 95 போன்ற இடைவேகம் ஏதும் காட்டினால், புரோசெஸர் 522இல் ஓடும், பிசிஐ 31.7. குறைவாக ஓடுவதால் டிஸ்க்குக்கு ஆபத்தில்லை. 550க்கும் 522க்கும் வித்தியாசத்தைக் கையால் உணர முடியாது.

சித்தப்பாவின் 550தான் வேண்டும், மேலே சொன்ன எல்லாம் முடிந்தது, பலவீனமான சில்லு எது என்றும் தெரிந்துவிட்டது என்றால், அப்போது வோல்டேஜைத் தொடலாம். பிபி6இல் இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்க முடியும். பலவீனமானதற்கு மட்டும் 2.05, சோதனை. போதாவிட்டால் 2.1, சோதனை. என் சொந்தப் பெட்டியில் நான் 2.1க்கு மேல் போனதில்லை. இந்த ஊரில் போகத் தேவையும் வரவில்லை, அதற்கு முன் குளிர்விக்க வழி கிடைத்துவிடும்.

தேறியது என்று எப்போது சொல்லலாம்? பெட்டியை மூடி, மேசை விசிறி இல்லாமல், இரண்டு பிரைம்95, இருபத்துநான்கு மணித்தியாலம். அதற்குள் ஒரு முழு மத்தியானம் வர வேண்டும். மழை நாளில் கிடைத்த தேர்ச்சியை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். சித்தப்பாவுக்கு வீடியோ எடுக்கும்போது இரண்டு வரைபடமும் நூறில் நிற்கும் டாஸ்க் மனேஜரைக் காட்டுங்கள். அவருக்கு அது போதும்.

கேள்வி: வணக்கம் அக்கா. என் கொம்பியூட்டரைக் கொஞ்சம் ஓவர்குளொக் செய்து வைத்திருக்கிறேன். கீழ் வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் சில நேரம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. வெறுங்காலோடு நின்று பெட்டியைத் தொட்டால் ஊசி குத்துவது போல இருக்கிறது. இரண்டுக்கும் ஓவர்குளொக்தான் காரணமா?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பெட்டியைத் தொடாதீர்கள் தங்கச்சி, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

ஊசி குத்துவதற்கும் ஓவர்குளொக்குக்கும் சம்பந்தமில்லை. உங்கள் பெட்டிக்கு ஏர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிக்க இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் மின் கம்பிகளிலிருந்து உலோகப் பெட்டிக்குப் போகின்றன. ஏர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி 230இல் பாதி வோல்டேஜில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, அதனால்தான் ஊசி போல இருக்கிறது. ஆனால் ஏர்த் இல்லாத இடத்தில் நாளைக்குப் பெரிய கசிவு ஒன்று வந்தால் அதுவும் உங்கள் கை வழியாகத்தான் போகும். மூன்று கால் பிளக்கை இரண்டு கால் அடப்டரில் சொருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நான் போன வீடுகளில் பாதிக்குப் பாதி அதுதான். அப்படி இல்லாவிட்டால் மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, சுவர் பிளக்கில் ஏர்த் உண்மையிலேயே வருகிறதா என்றும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள்.

ரீஸ்டார்ட் வேறு விசயம். மோட்டார் கிளம்பும் நொடியில் லைனின் வோல்டேஜ் விழுகிறது. நல்ல பவர் சப்ளை அந்த நொடியைத் தாங்கும். ஓவர்குளொக்கால் ஏற்கெனவே சுமை கூடிய பவர் சப்ளை தாங்காது. ஓவர்குளொக்கை எடுத்துவிட்டு மோட்டாரைப் போடச் சொல்லிப் பாருங்கள். அப்போது ரீஸ்டார்ட் ஆவது நின்றால் பவர் சப்ளை மட்டுமட்டாக இருக்கிறது, பெரிதாக்குங்கள். நிற்காவிட்டால் வோல்டேஜைத் தானே சீராக்கும் யூபிஎஸ் ஒன்று தேவை. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் நேரத்தில் யூபிஎஸ்ஸையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

கேள்வி: தெகிவளையில் பாவித்த சேர்வர் மதர்போர்ட் ஒன்றும் சியோன் ஈ5-2670 இரண்டும் மலிவாக வாங்கினேன். ஓவர்குளொக் செய்யப் பெருக்கி எண்ணை மாற்ற முடியவில்லை. அடிப்படைக் கடிகாரத்தை 100இலிருந்து 108க்கு ஏற்றினால் டிஸ்க்குகளே தெரியவில்லை. வழி உண்டா?
வாசகர், தெகிவளை

பதில்: இல்லை தம்பி, அந்தக் கதவு பூட்டித்தான் இருக்கிறது. அந்தச் சியோனின் பெருக்கி எண்ணை, மேலே சொன்ன செலரோனின் ஐந்தரையைப் போலவே, தொழிற்சாலையிலேயே பூட்டிவிட்டார்கள். மேலே வெள்ளவத்தைத் தம்பியின் போர்ட்டில் பிசிஐக்குத் தனியாக வகுத்தல் இருந்தது. உங்களுடையதில் ஒரே கடிகாரம்தான் புரோசெஸர், மெமரி, சாட்டா (டிஸ்க் பாதை), பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்ட்களின் பாதை) எல்லாவற்றையும் ஓட்டுகிறது. 108 என்றால் டிஸ்க் பாதைக்கும் எட்டு வீதம் கூட. டிஸ்க் காணாமல் போனது உங்கள் நல்ல காலம், டிஸ்க் தெரிந்தபடியே பிழையாக எழுதியிருந்தால் இன்னும் மோசம். 100க்கே இறக்குங்கள்.

இந்தப் புரோசெஸர் 2.6 கிகாஹேர்ட்ஸ், டர்போவில் 3.3 வரை தானே ஏறும். பயோஸில் டர்போ நிறுத்தியிருக்கிறதா என்று பாருங்கள், அலுவலகங்களிலிருந்து வரும் போர்ட்களில் பல தரம் நிறுத்தித்தான் இருக்கும். ஒவ்வொன்றும் 115 வாட், கூலர் அதற்குத் தகுந்ததா? அப்புறம் மெமரி. ஒரு புரோசெஸருக்கு நான்கு மெமரிப் பாதை, இரண்டுக்கும் எட்டு. நீங்கள் இரண்டு பெரிய ராம் மட்டும் போட்டிருந்தால் எட்டில் ஆறு பாதை சும்மா கிடக்கிறது. அதே அளவை எட்டுச் சின்ன ராமாகப் பிரித்து, ஒவ்வொரு புரோசெஸரின் பக்கத்திலும் நான்காக, மனுவலில் முதலில் நிரப்பச் சொல்லும் ஸ்லொட்களில் போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.